கார் ஷெட்டில் ஓர் ஆக்கிரமிப்பு

மாடிக் குளியலறையில் தண்ணீர் கசிகிறது, அதனால் வாஷிங் மெஷினைக் கீழே கார் ஷெட்டுக்கு மாற்றிவிடலாம் என்று என் மனைவி சொன்னபோதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் நில அளவை வேலை பார்த்தவன் நான். அடுத்தவர் எல்லைக்குள் கால் வைக்கப்போகிறவர் முதலில் எப்படிப் பேசுவார் என்று எனக்கு மனப்பாடம். "ஒரு ஓரமாத்தான்." "உங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இருக்காது." "ஒத்து வரலைன்னா மறுபடி எடுத்துடலாம்." அவள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? மாடிக்குப் போய் மெஷினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தேன். மூன்று நாள், நான்கு முறை துணி துவைத்த பிறகு எடுத்துப் பார்த்தேன். தாள் மொறமொறவென்று இருந்தது. கசிவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆக, என் வீட்டுக்காரி என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள். எதற்காக என்பதுதான் கேள்வி. யோசித்ததில் பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. கார்.

இந்த இடத்தில் என் பக்கத்துச் சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். ஏழு மாதமாக என் கண்ணில் புகை. இடது கண்ணில் அதிகம், வலது கண்ணில் கொஞ்சம். எண்ணெய்க் கையால் தொட்ட கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே கார் சாவி என் சட்டைப் பையிலிருந்து போய்விடும். எங்கள் மகள் காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவாள். மருமகனுக்கு வெளியூரில் வேலை. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது நான்தான். வேலை ஓய்ந்த பிறகு இந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்த ஒரே வேலை அது. அதுவும் போனால் நான் செய்தித்தாள் விரிக்கத்தான் லாயக்கு.

பேத்திக்கு ஏழு வயது. வால் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவளும் நானும் காரில் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். அவள் துணை பைலட். முன் சீட்டில் உட்கார்ந்து இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. திருப்பத்தில் நான் "லெஃப்ட்?" என்பேன். அவள் கழுத்தை நீட்டிப் பார்த்து, "லெஃப்ட் ஓகே தாத்தா!" என்று கத்துவாள். சைக்கிளோ நாயோ வந்தால் "ஸ்டாப்!" என்பாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடது பக்கக் கண்ணாடியில் மட்டும் இரண்டு கீறல். அது பேப்பர் போடுகிறவன் வேலை என்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டி, வேறு ஆளையும் மாற்றிவிட்டேன்.

இந்த நிலையில்தான் வாஷிங் மெஷின் பேச்சு. இவளுக்கு என் கண் சங்கதி தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன். நேரடியாகக் கேட்காமல், முதலில் ஷெட்டில் ஒரு மூலையைப் பிடித்து, பிறகு கூடை, பிறகு கொடி, பிறகு இஸ்திரி மேசை என்று காரை மெல்ல மெல்லத் தெருவுக்குத் தள்ளி, கடைசியில் "வெயில்லயும் மழையிலயும் நின்னு துருப்பிடிக்குதே, வித்துடலாமா?" என்று முடிக்கப்போகிறாள். ஒவ்வொரு வருஷமும் வேலியை ஒரு சாண் தள்ளி நட்டு அடுத்தவன் கிணற்றையே விழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொன்று நடந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து அவள் மகளுடன் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கீழே செருப்பைத் தேடுவதுபோல் நின்றேன்.

"அப்பாகிட்ட மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா வீட்டையே ரெண்டாக்கிடுவாரு. மெஷின் கீழ வந்துடட்டும், அப்புறம் எல்லாம் சரியாயிடும்."

செருப்பு என் காலில்தான் இருந்தது. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். இருக்கிற கண்ணில்தான்.

வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்பாள். அதனால் சரி என்று தலையாட்டி, எல்லையை மட்டும் நானே போட்டேன். ஷெட்டைக் கழுவிவிட்டு, காரை நிறுத்தி, அதைச் சுற்றி நான்கு பக்கமும் சாக்பீஸால் கோடு கிழித்தேன்.

"இந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சோப்பு டப்பாகூட வரக்கூடாது."

"வராதுங்க. பின்னாடி அந்த மூலை போதும்" என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

செலவை அவள் இழுத்துப் பிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். புதிதாக வாங்கியது இரண்டு குழாயும் ஒரு ட்யூப் லைட்டும்தான். துணி அலச ஒரு தொட்டி வேண்டும் என்று, வீட்டை இடித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெருக்காரர்களிடம் பேசி, விளிம்பு உடைந்த சிங்க் ஒன்றைச் சும்மாவே தள்ளிக்கொண்டு வந்தாள். பழைய கட்டில் பலகை அலமாரியாயிற்று. சமையலறையில் மீந்த ஓடுகள் தரைக்கு வந்தன. போதாத இடத்தில் குளியலறை ஓடு. மூலை பார்க்கச் சதுரங்கப் பலகைபோல் இருந்தது. "தண்ணி ஓடினா சரி, கண்காட்சியா வைக்கப்போறோம்?" என்றாள். நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். ஆனால் இவ்வளவு அவசரப்பட்டு இவ்வளவு மெனக்கெடுகிறவளுக்கு உள்நோக்கம் இல்லாமல் இருக்குமா?

வேலைக்கு வந்தவர் ஒரு குழாய்க்காரர். கொத்து வேலையும் தெரியும் என்பதால் ஒரே ஆளாகப் போயிற்று. வந்த முதல் நாளே ஷெட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி, "வண்டி எப்பவும் இங்கதான் நிக்குமா ஐயா?"

நான் அவரையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்துக் கேட்க வைத்த கேள்வி என்று தோன்றியது. "எப்பவும் இங்கதான்" என்றேன்.

"இல்லீங்க, வண்டி மூக்கு மெஷின்ல இடிக்காம இருக்க நடுவுல ஒரு அரைச்சுவர் வச்சா நல்லது. அதுக்குத்தான் கேட்டேன்."

பதில் நியாயமாக இருந்தது. நியாயமான பதில்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சுவர் எழுப்ப மெஷினின் அகலம் வேண்டும். குழாய்க்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குக் கிளம்பினார். என் மனைவி அவரைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"அவரு இருக்கும்போது நீங்க எதுக்கு அளக்கறீங்க? ஒரு மேஸ்திரி கதை தெரியுமா உங்களுக்கு?"

அந்தக் கதை எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அளவைக்காரர் ஓர் அளவைச் சொல்லிவிட்டால் அதன் மேல் இன்னொருவர் டேப் போடக்கூடாது. போட்டால் அது முகத்தில் துப்பிய மாதிரி. ஒரு கட்டட வேலையில் ஒரு மேஸ்திரி நான் சொன்ன பிறகு மறுபடி அளந்தார். நான் ஒன்றும் பேசாமல் கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்த மேஸ்திரியே வாசலில் வந்து நின்றார். அளவு மயிரிழைகூடப் பிசகவில்லை. இதை என் மனைவி சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் நகையை எடுத்துக் காட்டுகிறவளின் முகம்.

நானே மாடிக்குப் போய் அளந்தேன். குளியலறை பல்பு மங்கல். டேப்பை மெஷினின் முன்முகத்தில் இழுத்துப் பிடித்துக் குனிந்தேன். ஆறு தெளிவாக இருந்தது. பக்கத்து எண் கொஞ்சம் ஆடியது. கண்ணைச் சுருக்கினேன். மூன்று. படியில் நின்றே குரல் கொடுத்தேன்.

"அறுபத்து மூணு சென்டி. ரெண்டு சேர்த்து அறுபத்தஞ்சு விட்டு சுவர் எழுப்புங்க."

"சரிங்க ஐயா" என்றார் குழாய்க்காரர். அவர் மறுபடி அளக்கவில்லை.

நான்கு நாளில் சுவர் எழும்பிப் பூச்சும் காய்ந்தது. சனிக்கிழமை காலை மெஷினை இறக்குவது என்று ஏற்பாடு. நான் காரை வெளியே எடுத்து வாசலில் நிறுத்தினேன். வால் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங்கோடு விளையாட ஆரம்பித்தாள். குழாய்க்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் மெஷினை மூச்சுப் பிடித்துக்கொண்டு கீழே இறக்கி, தள்ளிக்கொண்டு வந்து மூலைக்கு நேராக நிறுத்தினார்கள். தள்ளினார்கள். போகவில்லை. சாய்த்துத் தள்ளினார்கள். சுவரின் பூச்சில் கோடு விழுந்ததுதான் மிச்சம்.

"இருங்க, வெளியில கம்பி இருக்கு, நெம்பிப் பார்க்கலாம்" என்று குழாய்க்காரர் தன் வண்டிக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்.

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சுவரை நெருக்கிக் கட்டி மெஷின் நுழையாமல் செய்துவிட்டால், "அடடா, இந்த மூலை பத்தாது, கார் நிக்கற இடத்துல வச்சுக்கலாமா?" என்று கேட்கலாம் அல்லவா? இரண்டு பேரும் சேர்ந்து காதில் பூச்சுற்றுகிறார்கள். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று டேப்பை எடுத்தேன். முதலில் சுவருக்கு நடுவே. புது ட்யூப் லைட் பளிச்சென்று இருந்தது. அது போதாதென்று போனில் இருந்த டார்ச்சையும் போட்டு, மூக்கு டேப்பில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தேன். அறுபத்தைந்து. சரியாக அறுபத்தைந்து.

பிறகு மெஷின். அதே டார்ச், அதே மூக்கு. அறுபத்தெட்டு.

மறுபடி பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எட்டு எட்டாகவே இருந்தது.

"எவ்வளவு காட்டுதுங்க?" என்றாள் என் மனைவி, எனக்குப் பின்னால் நின்று.

எட்டிப் பார்த்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். டேப் என் கையில்தான் விரிந்து கிடந்தது. அவள் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்தாள்.

"அறுபத்து மூணு" என்றேன்.

ஏன் சொன்னேன்? பயம். வேறு பெயர் வைத்து மழுப்ப எனக்கு வாய் வரவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

குழாய்க்காரர் கம்பியோடு வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "என்ன சுவர் கட்டியிருக்கீங்க? மெஷின் அறுபத்து மூணுதான். இப்பதான் அவரு மறுபடி அளந்தாரு. தப்பு உங்க சுவர்லதான்."

"நான் அறுபத்தஞ்சு விட்டேனேம்மா."

"விட்டிருந்தா போயிருக்குமே! அவரு அளவு தப்பாதுங்க. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் தப்பினதில்ல."

குழாய்க்காரரின் கை இடுப்பில் இருந்த டேப்புக்குப் போனது. ஒரு தரம் இழுத்து மெஷின் மேல் வைத்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"ஐயா அளந்ததுக்கு மேல நான் டேப் போடக் கூடாது" என்றார். சுவரைத் தடவிப் பார்த்தார். "உள்பக்கம் எங்கயோ பூச்சு உப்பியிருக்கும். ஈரத்துல செங்கல் நகர்ந்திருக்கும். என் கைதான் தப்பு. இடிச்சுட்டு வேற கட்டித் தர்றேன்மா, கூலி வேணாம்."

இத்தனை நாள் நான் சதிகாரன் என்று நினைத்த ஆள். சுத்தியலை எடுத்து, ரசமட்டம் வைத்து இழைத்துக் கட்டிய தன் சுவருக்கு முன்னால் போய் நின்றார். முகத்தில் அப்படி ஓர் அவமானம். நாளைக்கு இன்னொரு வீட்டில் சுவர் எழுப்பும்போதும் தன் கையைத் தானே சந்தேகப்படுவார். என் மனைவியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் அளவுக்குக் காவல் நிற்கிறாள்.

சுத்தியல் ஓங்கியது.

"நிறுத்துங்க" என்றேன். "சுவர் சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்பா அளந்தேன்."

என் மனைவி சிரித்தாள். "பாவம்னு பார்த்து, பழியத் தான் ஏத்துக்கறாரு. இவரு மனசு இப்படித்தான்."

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து அவள் கையில் வைத்தேன். "நீயே அளந்து பாரு."

"நான் எதுக்கு?"

"பாரு."

அவள் தயங்கித் தயங்கி இழுத்தாள். பிடிக்கக்கூடத் தெரியவில்லை; குழாய்க்காரர் முனையைப் பிடித்துக்கொண்டார். குனிந்து படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

"அறுபத்தெட்டு இருக்கே."

"ஆமா."

"இப்பதானே அறுபத்து மூணுன்னீங்க?"

"பொய் சொன்னேன். மாடியில அளந்தப்ப பொய் இல்ல. அப்ப எனக்கு மூணாத்தான் தெரிஞ்சுது. கண்ணு சரியில்ல."

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம்."

அவள் என் கண்ணைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பதற்றம்தான் இருந்தது. கிட்டே வந்து என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். டாக்டரிடம் போக வேண்டும் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற காரிலிருந்து வால் உரக்கக் கத்தினாள்.

"லெஃப்ட் ஓகே தாத்தா!"

என் தாடையிலிருந்து அவள் கை மெல்ல இறங்கியது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காரின் இடது கண்ணாடியில் இருந்த கீறல்கள் அங்கிருந்தே தெரிந்திருக்க வேண்டும், கண் நன்றாக இருக்கிறவர்களுக்கு.

"அது விளையாட்டு இல்லையா?" என்றாள்.

குழாய்க்காரர் தன் பைக்குள் எதையோ தீவிரமாகத் தேடினார்.

"ஏழு மாசமா அந்தக் குழந்தையக் கண்ணா வச்சுக்கிட்டு ஓட்டினீங்களா?"

எதைச் சொல்லி மழுப்புவது?

அவள் சட்டென்று புடவையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். கெண்டைக்காலில் கையகலத்துக்குப் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போன அடி.

"கசிவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஈரத்துணி வாளியோட மாடிப்படியில விழுந்தேன். சொன்னா நீங்க கத்துவீங்க, துணி துவைக்க ஆள் வைக்கணும்னு குதிப்பீங்கன்னு மறைச்சேன். நானும் மறைச்சவதான்." புடவையை இறக்கிவிட்டாள். "ஆனா நான் மறைச்சது என் காலோட போச்சுங்க."

கார் இல்லை, சதி இல்லை, வேலி தள்ளுதல் இல்லை. படி இறங்க முடியாத கால் ஒன்றுதான் இருந்தது. அந்தக் காலோடுதான் அவள் சிங்க் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அதற்குச் செய்தித்தாள் விரித்துச் சாட்சி தேடினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

குழாய்க்காரரிடம் போய், "என்ன மன்னிச்சுடுங்க. உங்க சுவர் ஒரு நூல்கூடப் பிசகல. கூலிய முழுசா வாங்கிக்கணும்" என்றேன். அவர் சங்கடத்தோடு சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அப்ப சுவர என்ன பண்ணலாம் ஐயா?"

"அது இருக்கட்டும். அழுக்குக் கூடை வைக்கலாம். மெஷின இந்தப் பக்கம் வச்சுடுங்க."

"அது வண்டி நிக்கற இடமாச்சே."

"வண்டி இனிமே வெளியில நிக்கட்டும்" என்றேன். காலாலேயே சாக்பீஸ் கோட்டை அழித்தேன். அது முழுவதும் போகவில்லை. மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. வாசலுக்குப் போய் வாலை இறக்கிவிட்டு, காரைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கண்ணில் புரை என்றார் டாக்டர். ஒவ்வொரு கண்ணாகப் புரையை எடுத்துவிடலாம், பயமில்லை என்றார். நாள் குறித்தாகிவிட்டது. முன்பு பேப்பர் போட்டவரைத் தேடிப் போய் மறுபடி பேப்பர் போடச் சொன்னேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இப்போது வாலைப் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் இரண்டு பேருமாக நடந்து கூட்டிப்போகிறோம். தெருவைக் கடக்கும்போது வால் பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டுவாள். "நீ பார்க்க வேணாம், பாட்டி பார்த்துக்கறேன்" என்று என் மனைவி அவள் தலையைத் திருப்பிவிடுவாள். ஒவ்வொரு நாளும் அந்த இடம் வரும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

நேற்று, ஷெட்டில் துணி காயப்போடக் கொடி கட்ட வேண்டும் என்றாள். கயிறு வாங்க நீளம் வேண்டும். நான் டேப்பை எடுத்து, டார்ச் அடித்து, இரண்டு தடவை பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மூணு மீட்டர் நாப்பது."

"சரிங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்படி வரை போனவள் நின்றாள். திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், அலமாரியில் நான் வைத்த டேப்பை எடுத்தாள். ஒரு முனையை ஆணியில் மாட்டி, இன்னொரு முனைக்கு நடந்து போய், குனிந்து படித்தாள்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் என்னிடம் சொல்ல வேண்டிவந்ததே இல்லை.